சின்ன அறையில் பகலில் உறங்குபவர்

ஜனவரி 4, ஞாயிறு

இந்த டயறி நகைக்கடையில் இலவசமாகத் தந்தது. வாங்க வருகிறவர்களுக்குத்தான் டயறி என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன், விற்க வருகிறவர்களுக்கும் உண்டாம். இரண்டு காப்பைக் கொடுத்துவிட்டு டயறியோடு வெளியே வந்தேன். காப்புக் காசு அன்று மாலையே சுடுதண்ணீர்ப் பொயிலர் திருத்த வந்தவனின் சட்டைப் பையில் போய் இருந்துகொண்டது.

அவர் செத்து மூன்று வருடம். லண்டனில் இந்த வீட்டில் இப்போது நானும், மேலே சின்ன அறையில் வாடகைக்கு இருக்கும் கஜீபனும்தான். நெடுங்கேணிப் பெடியன், இருபத்தொன்பது வயது. ஒரு பண்டசாலையில் பகல் வேலை. விசா புதுப்பிக்க நவம்பரில் மனுப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறான். குளித்தால் குளியலறையைத் துடைத்துவிட்டு வருகிற பிள்ளை. அவன் வாடகை இல்லாவிட்டால் நான் இந்த வீட்டில் இல்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 7, புதன்

அரிசி மூட்டை மறுபடி ஏறிவிட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்துக் கையை விரிக்கிறார். நான் யாரைப் பார்த்து விரிப்பது?

ஜனவரி 9, வெள்ளி

எங்கள் காஸ் மீற்றர் முன்காசு மீற்றர். கடைக்குப் போய் அட்டையில் காசு போட்டு வந்து செருகினால்தான் அடுப்பும் எரியும், சுடுதண்ணீரும் வரும். காசு முடிந்தால் கொஞ்சம் அவசரக் கடன் தரும், அதுவும் முடிந்தால் அணைந்துவிடும். திங்கட்கிழமை போட்டது ஞாயிறுவரை வர வேண்டும். இன்றைக்கே பாதிக்குக் கீழே நிற்கிறது. பகலில் வீட்டில் ஒருவரும் இல்லை. நான் முதியோர் இல்லத்துச் சலவை அறையில், அவன் பண்டசாலையில். வெறும் வீடா குளிக்கிறது?

முதியோர் இல்லத்தில் இரவு பகலாக வெப்பம் போட்டிருக்கும். அங்கே அரைக்கைச் சட்டையோடு நின்று வேர்க்கிறேன். வீட்டுக்கு வந்து இரண்டு சுவெட்டர் போடுகிறேன்.

ஜனவரி 12, திங்கள்

துவைக்கும் இயந்திரம் பழுதென்று பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் வந்தால் மேலே குறட்டைச் சத்தம். சின்ன அறைக் கதவைத் தள்ளினேன். கஜீபனின் கட்டிலில், கஜீபனின் போர்வைக்குள் முன்பின் தெரியாத ஒருவன்.

கத்தியிருக்க வேண்டும். அவன் எழும்பி, இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்ததும் என் வாய் தானாக, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டது. அளவெட்டி என்றான். அளவெட்டியில் எவடம், அப்பா என்ன செய்கிறார், பெரியப்பா வீட்டில் யார் யார், எல்லாம் கேட்டேன். அவனுடைய அம்மாவின் தங்கை படிப்பித்த பள்ளிக்கூடத்தில்தான் என் மச்சாளும் படிப்பித்தாள் என்பதுவரை கண்டுபிடித்தாயிற்று. தேத்தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தேன். நித்திரையால் எழும்பிய ஆளுக்கு வேறு என்ன செய்வது?

பேக்கரியில் இரவு வேலையாம். கட்டிலில் கஜீபன் இரவு, இவன் பகல்.

மாலை கஜீபன் வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவன் தலையைக் குனிந்தபடி, "கோவிக்காதேங்கோ அக்கா. அவன்ர அகதிக் கேஸ் தோத்துப் போச்சு, இருக்க இடமில்லை. ரெண்டு கிழமையில போயிடுவான்" என்றான். விசாக் காகிதம் இல்லாத ஒருவனுக்கு இடம் கொடுத்தால் வீட்டுக்காரருக்குத் தண்டம் எவ்வளவு தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். தெரிந்துகொண்டுதான் செய்திருக்கிறான். ஒரு வாடகைக்கு இரண்டு பேர், இரண்டு குளிப்பு, என் தலையில் தண்டம்.

ஜனவரி 15, வியாழன்

பால் பொங்கவில்லை.

லீவு போட்டு, குசினியைக் கழுவி, பானைக்கு மஞ்சள் இலை கட்டிப் பாலை ஏற்றினேன். பால் விளிம்புவரை வந்து, நுரை கட்டி, இதோ என்று நிற்கும்போது அடுப்பு அணைந்தது. மீற்றரில் அவசரக் கடனும் முடிந்திருந்தது. பால் அப்படியே அமர்ந்துபோனது. அவர் செத்த வருடம்கூட இப்படி நடக்கவில்லை.

அளவெட்டிக்காரன் பேக்கரியால் ஏழு மணிக்கு வந்து அரை மணி நேரம் சுடுதண்ணீரில் தோய்ந்திருக்கிறான். பொங்கல் நாளாம், சுத்தமாக வர வேண்டுமாம். பொங்கலுக்கு லீவு போட்டிருந்த கஜீபன் கடைக்கு ஓடித் தன் காசைப் போட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தான். இரண்டாம் தரம் பொங்கினாலும் பொங்கல்தான் என்று என்னைத் தேற்றப் பார்த்தான். எனக்கு மண்டைக்குள் கொதித்தது. இருவரும் பொங்கலைச் சாப்பிட்டார்கள், நல்லாயிருக்கு அக்கா என்றார்கள், ஒருவன் உறங்கப் போனான், மற்றவன் நண்பனைப் பார்க்கப் போனான்.

பிறகு நான் ஒரு ரெலிபோன் எடுத்தேன். பன்னிரண்டு நிமிடம். மனதில் இருந்ததைக் கொட்டினேன். அவ்வளவுதான்.

ஜனவரி 16, வெள்ளி

இன்றும் ரெலிபோன். நாற்பத்தொரு நிமிடம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஒரு பெண் வந்தாள். நேற்றுச் சொன்னது கோபத்தில் சொன்னது, அதை விட்டுவிடுங்கள் என்றேன். குறித்துக்கொண்டதாகச் சொன்னாள். முடிந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

அளவெட்டிக்காரன் பேக்கரியில் மிஞ்சிய பாண் இரண்டு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறான். இன்னும் சூடு ஆறவில்லை. நேற்றும் வைத்தான். பாண் விற்கிற விலைக்கு இது பெரிய உதவி. நான் ஏனோ ஒரு துண்டுகூடப் பிய்க்காமல் துணியால் மூடி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 27, செவ்வாய்

காலை ஆறு பத்து. அழைப்பு மணி இருக்கக் கதவை இடித்தார்கள். ஆறு பேர், கறுத்த உடுப்பு, நெஞ்சில் கமரா. குடிவரவுக் கந்தோர் அதிகாரிகள் என்றார்கள். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. "சின்ன அறை" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு நேரே படியேறினார்கள்.

கட்டிலில் கஜீபன். சாரத்தோடு இழுத்து எழுப்பினார்கள். அவன் என்னைப் பார்த்து, மனுப் போட்ட கடிதம் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, எடுத்துக் காட்டச் சொன்னான். எடுத்துக் காட்டினேன். தலைமையாக வந்தவன் கடிதத்தைத் தொடவே இல்லை. விசா அட்டையின் திகதி முடிந்துவிட்டது, அது போதும் என்றான். திகதி முடிய முன்னரே மனுப் போட்டாயிற்று, பதில் வரும்வரை பழைய விசா செல்லும், இது உங்கள் சட்டம், மனுக் கிடப்பதும் உங்கள் கந்தோரில்தான் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எல்லாம் சொன்னேன். அது வேறு பிரிவு என்றான். வேறு பிரிவு! ஒரு கந்தோரின் இடது கைக்கு வலது கை வேறு பிரிவு.

யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டேன். சொல்ல முடியாதாம். கடதாசியில் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். அதையும் சொல்ல முடியாதாம்.

கஜீபனுக்கு உடுப்பு மாற்ற இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். படியில் இறங்கும்போது, "அக்கா, வேலைக்கு போன் பண்ணிச் சொல்லிவிடுங்கோ, இண்டைக்கு வரமாட்டன் எண்டு" என்றான். இன்றைக்கு மட்டும் என்று நினைத்திருக்கிறான். அவர்கள் கதவைச் சாத்தாமலே போனார்கள், வீட்டுச் சூடெல்லாம் தெருவுக்குப் போனது.

ஏழரைக்கு அளவெட்டிக்காரன் பாணோடு வந்தான். வாசல் படலையிலேயே மறித்துச் சொன்னேன். பாண் பையை என் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் போனான். ஓடவில்லை, நடந்துதான் போனான்.

ஜனவரி 28, புதன்

பாணைக் குருவிகளுக்குப் போட்டேன்.

பிப்ரவரி 2, திங்கள்

ஆறு நாளாக ரெலிபோன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். நான் உறவில்லாதபடியால் ஒன்றும் சொல்ல முடியாதாம். உறவு என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள்? அவனுக்குக் காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறவள் நான்தான். ஒரு இலக்கம் தந்தார்கள். அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால் வேறொரு இலக்கம் தருகிறார்கள்.

சட்டத்தரணியின் கந்தோரில் தமயந்தி என்று ஒரு பிள்ளை, இங்கே பிறந்தது, தமிழ் நன்றாகக் கதைக்கிறது. கஜீபனின் பழைய கேஸ் அவர்களிடம்தான். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னது. நவம்பர் மனுவைக் காணவில்லை என்று கந்தோர் சொல்கிறதாம். கட்டிய காசை எடுத்திருக்கிறார்கள், ரசீது இருக்கிறது, மனுவை மட்டும் காணவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

தடுப்புக்குப் போனேன். இரண்டு ரயில், ஒரு பஸ், பிறகு அரை மணி நடை. ரயில் ரிக்கற் இந்த மாதம் கூடியிருக்கிறது, அதுவும் ஒரு சந்தோஷம். வாசலில் என் கைரேகையை எடுத்தார்கள், வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்குக் கீழே பார்த்தார்கள். நான் கட்டிக்கொண்டு போன புட்டை உள்ளே விடவில்லை.

கஜீபன் மெலிந்துவிட்டான். வேலை போய்விட்டது என்பதைச் சொன்னேன். தலையாட்டினான். அறையில் எட்டுப் பேராம், இரவில் விமானம் ஏறுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒருவன் எழும்பி இருந்து அழுகிறானாம். ஊருக்குப் போனால் விமான நிலையத்தில் இறங்கியதும் என்ன நடக்கும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நாங்கள் கதைக்கவில்லை. அவனுடைய தமையன் அப்படி இறங்கிய ஆள்தான். இன்றுவரை தகவல் இல்லை.

எழும்பும் நேரம் கேட்டான்: "ஆர் அக்கா சொல்லியிருப்பினம்? நேரா சின்ன அறைக்கு எல்லோ வந்தவங்கள்."

எனக்குச் சுரீரென்று வந்தது. அதைத் தெரிந்து என்ன செய்யப் போகிறாய், முதலில் வெளியே வருகிற வழியைப் பார் என்று சத்தம் போட்டேன். காவல்காரி திரும்பிப் பார்த்தாள். அவன் பயந்துபோய், சரி அக்கா, சரி அக்கா என்றான்.

பஸ்சில் முழு வழியும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

எங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரைப் பார்க்க வரிசையில் நின்றேன். மூன்று மணி நேரம். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, அவளுக்கும் வீட்டில் காஸ் பிரச்சினையாம், நான் வந்தது கஜீபனுக்காக. இருவரும் ஒரே குளிரில் நின்று ஒரே ஆளிடம் போனோம். அவர் நல்லாகக் கதைத்தார். கடிதம் எழுதுவாராம். தனிப்பட்ட நடவடிக்கை பற்றி அமைச்சு கருத்துச் சொல்வதில்லையாம், அதையும் அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்.

பின்னேரம் வானொலியில் அமைச்சர். இந்த மாதம் இத்தனை பேரைப் பிடித்தோம் என்று பெருமையாக ஒரு எண்ணிக்கை சொல்கிறார். வாடகை ஏறியதற்கும் ஆஸ்பத்திரியில் வரிசை நீண்டதற்கும் இவர்கள்தான் காரணமாம், அதனால் பிடிக்கிறார்களாம். அந்த எண்ணிக்கையில் கஜீபனும் ஒன்று. பிடித்த ஒருவனுக்கு ஒன்று கூட்டினீர்கள். பிழையாகப் பிடித்தால் எங்கே கழிக்கிறீர்கள்? அந்த எண்ணிக்கை எந்த வானொலியில் வரும்? கஜீபனைக் கொண்டுபோய் மூன்று கிழமை ஆகப்போகிறது, என் அரிசி மூட்டை ஒரு சதம் இறங்கவில்லை. வானொலியை நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கஜீபனை ஊருக்கு ஏற்ற ரிக்கற் போட்டுவிட்டார்கள். 26ஆம் திகதி வியாழன் இரவு, கொழும்பு.

பிப்ரவரி 20, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. தமயந்தியோடு காலை முழுக்க இருந்தேன். விமானத்தை நிறுத்த நீதிபதியிடம் போக வேண்டுமாம். மனுவைக் காணவில்லை என்று கந்தோர் ஒற்றைக்காலில் நிற்பதால் அது மட்டும் போதாதாம். எதை நம்பி அந்த வீட்டுக்குப் போனார்கள் என்று கேட்டிருக்கிறோம், நீதிமன்றத்துக்கு என்றபடியால் அந்தப் பதிவைத் தரத்தான் வேண்டும் என்றாள்.

அது தேவையா என்று கேட்டேன்.

"கட்டாயம் அன்ரி. ஆரோ பிழையான தகவல் குடுத்திருக்கினம். விசாரிக்காமல் வந்திருக்கினம் எண்டால் அதுதான் எங்களுக்குப் பிடி."

சரி, எழுதுகிறேன். யாரிடம் மறைக்கிறேன், இந்த டயறியிடமா? 15ஆம் திகதி நான் எடுத்தது காஸ் கம்பனிக்கு அல்ல. காகிதம் இல்லாதவர்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்லிக் குடிவரவுக் கந்தோர் கடையில் ஒட்டியிருந்த நோட்டீசில் இருந்த இலக்கத்துக்கு. என் வீட்டில் காகிதம் இல்லாத ஒருவன் படுக்கிறான் என்றேன். பெயர் கேட்டார்கள், தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. அவனுடைய பெரியப்பாவின் மகள் எங்கே கட்டியிருக்கிறாள் என்பதுவரை கேட்ட நான் அவனுடைய பெயரைக் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் யார் கேட்கிறோம்? ஊர் தெரிந்தால் ஆளைத் தெரிந்த மாதிரி. கந்தோருக்கு அளவெட்டி என்று சொல்ல முடியுமா? சின்ன அறையில் பகலில் படுக்கிறவன் என்று சொன்னேன். அதைவிட விளக்கமாக எப்படிச் சொல்வது?

பகலில் படுக்கிறவன் என்று சொன்ன ஆளைப் பிடிக்க விடியற்காலை ஆறு பத்துக்கு வந்திருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கும் விளங்கும் விஷயம். கட்டிலில் யார் கிடந்தாலும் அவர்களுக்குச் சரி.

மறுநாள் எடுத்து விட்டுவிடச் சொன்னேன். அதையும் அவர்கள் எழுதியிருக்க வேண்டும். குறித்துக்கொண்டேன் என்று சொன்னாளே. அந்தப் பதிவு வரட்டும், இரண்டும் இருக்கும்.

அகதிக் கேஸ் முடியும்வரை ஏழு வருடம் நானும் அந்தக் கந்தோரில் கிழமைக்கொரு தரம் கையெழுத்து வைத்தவள். நான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பதிவு வந்துவிட்டது. ஒரு பக்கம். தமயந்தி மேசையில் வைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். தகவல் தந்தவரின் பெயர் இருந்த இடத்தில் கறுப்புக் கோடு. ஜனவரி 15, இத்தனை மணி. முகவரி. தமிழ் ஆண். சின்ன அறையில் பகலில் உறங்குபவர். நம்பத்தக்க தகவல் என்று கீழே ஒரு அடையாளம் போட்டிருந்தது.

அடுத்த பக்கம் எங்கே என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றாள்.

16ஆம் திகதி இல்லை. நாற்பத்தொரு நிமிடம் இல்லை. ஒரு மனிதனைப் பிடிக்கச் சொன்னதை நேரம் முதற்கொண்டு எழுதிவைத்தவர்கள், வேண்டாம் என்று சொன்னதை எழுதவே இல்லை. அந்தப் பெண் குறிக்கவில்லை. ஒரு பேனையை எடுத்துக் குறிக்க அவளுக்கு ஏலவில்லை. எழும்பி அந்தக் கந்தோரைத் தமிழில் உள்ள அவ்வளவு வார்த்தையாலும் ஏசினேன். நான் ஏசி முடிவதற்குள் தமயந்தி அந்தப் பக்கத்தைக் கோப்புக்குள் வைத்துவிட்டாள். பிறகு, "அன்ரி, பதினாறாம் திகதி எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றாள்.

கறுப்புக் கோட்டுக்குப் பின்னால் நான் பத்திரமாக இருந்தேன். எழும்பி வீட்டுக்கு வந்திருக்கலாம். ஒரு சீவனுக்கும் தெரியாது. வியாழன் இரவு விமானம் போயிருக்கும்.

"நான்தான் பிள்ளை" என்றேன்.

அவள் கணினியில் இருந்து கையை எடுத்தாள். யாரைச் சொன்னீர்கள் என்று கேட்டாள். பெயர் தெரியாது என்றேன். அந்த மற்ற ஆளைப் பற்றி இனி ஒருவரிடமும் ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம் என்றாள். பிறகு வாக்குமூலத்தைத் தட்டத் தொடங்கினாள். நான் இன்னார். இந்தத் திகதியில் கோபத்தில் இந்தத் தகவலைக் கொடுத்தேன். மறுநாள் அழைத்து அதைத் திருப்பி எடுத்தேன். கந்தோர் அதைப் பதியவில்லை. ரெலிபோன் கம்பனியிடம் பட்டியல் எடுத்தோம், 16ஆம் திகதி நாற்பத்தொரு நிமிடம் அதில் இருந்தது. வாக்குமூலம் நீதிமன்றத்துக்குப் போகும், கஜீபனுக்கும் ஒரு பிரதி போகும், அவனுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டுவது சட்டப்படி கட்டாயம் என்று தமயந்தி சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வாடகைக்கு விட்டது பற்றி எனக்கும் கேள்வி வரலாமாம். வரட்டும்.

முழுப் பெயர் எழுதிக் கையெழுத்து வைத்தேன். பேனை இரண்டு இடத்தில் கடதாசியைக் கிழித்தது.

பிப்ரவரி 25, புதன்

பின்னேரம் நாலு மணிக்கு நீதிபதி விமானத்தை நிறுத்தினார். 16ஆம் திகதி ஒலிப்பதிவைக் கொண்டுவரச் சொன்னாராம். கந்தோரின் சட்டத்தரணி அது கிடைக்கவில்லை என்றாராம். தேடிக் கிடைக்கவில்லையா, அல்லது அப்படி ஒன்று இல்லவே இல்லையா என்று நீதிபதி கேட்டாராம்.

வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு இல்லாமல் படுத்தேன். சந்தோஷம்தான். ஆனால் இன்று காலை பத்து மணிக்கு அவனுக்கு வாசித்துக் காட்டியிருப்பார்கள்.

மார்ச் 6, வெள்ளி

கஜீபனை விட்டுவிட்டார்கள். மனுவும் கிடைத்துவிட்டதாம், இவ்வளவு காலமும் அங்கேதான் இருந்ததாம்.

எனக்கும் கந்தோரில் இருந்து ஒரு கடிதம், கஜீபனைப் பிடித்தது பற்றிப் போன மாதம் நான் போட்ட முறைப்பாட்டுக்குப் பதில். உங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், நடவடிக்கை அப்போது கையில் இருந்த தகவலின்படி எடுக்கப்பட்டது, பிழை எதையும் காணவில்லை. முப்பத்தெட்டு நாள் ஒருவனை அடைத்துவைத்து, வேலையை இல்லாமற் செய்து, கொழும்புக்கு ஏற்ற ரிக்கற்றும் போட்டுவிட்டு, அசௌகரியமாம். கடிதத்தின் அடியில் கையெழுத்து இல்லை. பெயரும் இல்லை. வாடிக்கையாளர் சேவைக் குழு என்று இருந்தது. செய்ததற்குப் பெயர் போட நான் ஒருத்திதான் அகப்பட்டேன்.

அடுத்த முறைப்பாட்டை இன்றே எழுதிவிட்டேன். அந்த ஒலிப்பதிவு வேண்டும். எனக்கு 16ஆம் திகதி பதில் சொன்ன பெண்ணின் குரல் வேண்டும். இருபது வேலை நாளில் பதில் தருவார்களாம். தராவிட்டால் இன்னொன்று எழுதுவேன்.

மார்ச் 8, ஞாயிறு

கஜீபன் பதினொரு மணிக்கு வந்தான், சாமான் எடுக்க. நான் எட்டு மணியில் இருந்து சமைத்து வைத்திருந்தேன். இறால் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். இறால் என்ன விலை என்று கேட்காமல் வாங்கினேன்.

மேலே போய் இருபது நிமிடத்தில் ஒரு சூட்கேசும் ஒரு பையுமாக இறங்கினான். சின்ன அறையைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்திருக்கிறான், பிறகு போய்ப் பார்த்தேன். கதவுத் திறப்பை மேசையில் வைத்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். சாப்பிட்டுவிட்டேன் என்றான். பதினொரு மணிக்கு எங்கே சாப்பிட்டிருப்பான்?

அளவெட்டிப் பிள்ளை எங்கே என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்கிற தகுதி போய்விட்டது.

நான் ஒரு மாதமாக ஆயத்தம். அவன் ஏசுவான், நானும் சொல்லுவேன் என்று எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். நீ கேட்காமல் ஆளைக் கொண்டுவந்தாய், தண்டம் யார் கட்டுவது, நான் மறுநாளே திருப்பி எடுத்தேன், கையெழுத்து வைத்தேன், நான் இல்லாவிட்டால் நீ இப்போது கொழும்பில் என்று. அவன் கதவடியில் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தான். பொறுக்க முடியாமல் நானே கேட்டேன், என்னில் கோபமா என்று.

நிமிர்ந்து பார்த்தான். "இல்லை. கோவமெல்லாம் அந்தக் கந்தோரோடதான். அவங்களை நான் விடமாட்டன், வழக்குப் போடச் சொல்லியிருக்கிறன். உங்களில கோவமில்லை." சூட்கேசைத் தூக்கினான். "உங்களில பயமாக் கிடக்கு. இனி எந்த வீட்டில போய் இருந்தாலும், லைற்றைக் கூட எரிச்சிட்டனோ, தண்ணியைக் கூட ஊத்திட்டனோ, இவை ஆருக்கும் போன் எடுத்திடுவினமோ எண்டு பயந்து பயந்துதான் இருப்பன்."

வந்ததில் இருந்து அவன் ஒரு தரமும் அக்கா என்று சொல்லவில்லை. படலையைச் சத்தம் கேட்காமல் சாத்திவிட்டுப் போனான்.

இறால் குழம்பு அப்படியே அடுப்பில் கிடக்கிறது. கோபம் என்று சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சண்டை பிடித்திருப்பேன்.